ஹாப்ஸுக்கு காலண்டர் பார்க்கத் தெரியாது!

முதல்ல ஒரு டிஸ்கி: இங்கே இங்கிலாந்துல சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் காய்ச்ச 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. விக்கத்தான் கூடாது. தமிழ்நாட்டுல வீட்டுல காய்ச்சுறதே குற்றம். அதனால ஊர்ல இருக்கற மக்கள் இதைப் படிச்சு அறிவை வளர்த்துக்கிட்டா போதும், பக்கெட்டைத் தேட வேண்டாம் :-)

இனி விஷயத்துக்கு வருவோம். போன குளிர்காலத்துல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே டமார்னு ஒரு சத்தம். ஓடிப்போய் பார்த்தா நான் ஆசை ஆசையா காய்ச்சி அடைச்சு வச்ச பீர் பாட்டில் ஒண்ணு சுக்குநூறு. மத்ததை எடுத்து வெளியே வைக்கலாம்னு ரூம்மேட் கையை நீட்டினான். அடுத்தது வெடிச்சது. உள்ளங்கையில நாலு தையல். பரீட்சைக்கு முந்தின வாரம், அதுவும் எழுதற கை.

அந்தத் தையலுக்குக் காரணம் கிட் டப்பாவோட வந்த ஒரு துண்டுச் சீட்டு. அதுல ரெண்டே வரி: "4-ம் நாள் ஹாப்ஸ் போடவும். 9-ம் நாள் பாட்டிலில் அடைக்கவும்." நானும் பயபக்தியோட அப்படியே செஞ்சேன். அளந்து பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அளக்கணும்னு அந்தச் சீட்டு ஒரு வார்த்தை சொல்லலையே சாமி!

பீர் கிட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கெட்டியான மால்ட் பாகு ஒரு டப்பாவுல வரும். சர்க்கரையும் தண்ணியும் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி மூடி வைக்கணும். கசப்புக்கான ஹாப்ஸ் அந்தப் பாகுலயே சேர்ந்திருக்கும். ஆனா பாகை சுண்டக் காய்ச்சறப்போ வாசனை ஆவியா போயிடும். போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர, கடைசியில பச்சையா கொஞ்சம் ஹாப்ஸ் போடறாங்க. இதுக்குப் பேர்தான் டிரை ஹாப்பிங். ரசத்தை இறக்கினப்புறம் கொத்தமல்லி தூவற மாதிரின்னு வச்சுக்குங்க. கொதிக்க வைக்காததால கசப்பு பெருசா ஏறாது, மணம் மட்டும் இறங்கும்.

இப்ப அந்த "4-ம் நாள்" கதைக்கு வருவோம். யாரோட 4-ம் நாள்? 20 டிகிரி இருக்கற வீட்டுல 4-ம் நாள் ஈஸ்ட் வேலையை முடிக்கப் போற நிலையில இருக்கலாம். ஹீட்டர் போட காசில்லாத மாணவர் வீட்டுல, 15 டிகிரியில, அப்பதான் மும்முரமா பொங்கிட்டு இருக்கும். நான் ஹாப்ஸைக் கொட்டினதும் நுரை மூடியைத் தாண்டி வழிஞ்சது. அது மட்டுமா? பொங்கற நேரத்துல போட்டா, வெளியேறுற கரியமில வாயு வாசனையையும் கூட்டிக்கிட்டுப் போயிடும். காசு கொடுத்து வாங்கின மணம் சமையலறைக்கு, பீருக்குப் பட்டை நாமம்.

நம்ம வீட்டுல இட்லி மாவு புளிச்சுதான்னு யாராவது கடிகாரத்தைப் பார்த்து முடிவு பண்ணுவாங்களா? மார்கழியில ஒரு நேரம், சித்திரையில ஒரு நேரம். பாட்டி மாவைத்தான் பார்ப்பாங்க. இந்த ஞானம் கிட் சீட்டு எழுதறவங்களுக்கு இல்லாம போச்சே!

சரி, வெடிச்சது எதனால? ரெண்டு காரணம். ஒண்ணு, 9-ம் நாள்ல புளிக்கறது முடியவே இல்லை. ரெண்டாவது இன்னும் மோசம். ஹாப்ஸ்ல சில நொதிகள் இருக்கு. ஈஸ்ட் சாப்பிட முடியாத மாவுச்சத்துத் துண்டுகளை அதுங்க உடைச்சு சர்க்கரையாக்கிடும். ஈஸ்ட் மறுபடியும் வேலையை ஆரம்பிச்சிடும். இதுக்கு 'ஹாப் கிரீப்'னு பேர். ஏதோ நேத்து கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. ப்ரவுன், மாரிஸ்னு ரெண்டு பேர் இதே இங்கிலாந்துல 1893-லயே எழுதி வச்சாச்சு. நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆயும் அந்தத் துண்டுச் சீட்டுக்கு சேதி போய்ச் சேரலை.

கணக்கு பாருங்க. பாட்டில்ல போடற சர்க்கரையால பீரோட கொள்ளளவைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு வாயு இருக்கும். அடர்த்தி 1.012-ல அடைச்சு, உள்ளேயே 1.008-க்கு இறங்கினா, இன்னும் ரெண்டு மடங்கு வாயு சேரும். சாதாரண கண்ணாடி பாட்டில் தாங்குமா?

"புதுசா செய்யறவங்களுக்கு எளிமையா சொல்லணும்ல?"னு சிலர் வக்காலத்து வாங்குறாங்க. ஹைட்ரோமீட்டர் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லைங்க. ஊர்ல பாலுக்குப் போடற லாக்டோமீட்டரோட அண்ணன்தான். விலையும் சில பவுண்டுதான். அதைச் சொல்லாம விட்டா அது எளிமை இல்லை, அரைகுறை.

எதிர்க்கோஷ்டி ஒண்ணும் இருக்கு. பொங்கும்போதே போட்டா ஈஸ்ட் வாசனையை மாத்திக் கொடுக்கும்னு சொல்றாங்க. பொய் இல்லை, ஹாப்ஸ்ல இருக்கற ஜெரானியாலை ஈஸ்ட் சிட்ரோனெல்லாலா மாத்தறது நிஜம். ஆனா கைவசம் ஒரே ஒரு பாக்கெட் இருந்தா கடைசியில போடறதுதான் லாபம். "ரெண்டு வாரம் ஊற விடு"ங்கறவங்களுக்கு: மணம் பெரும்பாலும் ஓரிரு நாள்லயே இறங்கிடும். அதுக்கப்புறம் இறங்கறது புல்லு வாசனை.

அப்போ எப்படித்தான் செய்யறது? நான் இப்போ செய்யறது இது:

1. ஹைட்ரோமீட்டர் ரெண்டு நாள் ஒரே அளவு காட்டினா மட்டும் ஹாப்ஸ். தேதி செல்லாது.

2. 23 லிட்டருக்கு 50 கிராம். லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல போனா காசுதான் கரையும்.

3. ஹாப்ஸை கொதிக்க வைக்காதீங்க, கழுவாதீங்க. அதுவே பாக்டீரியாவுக்கு எதிரிதான். துணிப்பையில போடறதா இருந்தா பையை மட்டும் கொதிக்க வைங்க.

4. மூடியைத் திறந்து, போட்டு, உடனே மூடுங்க. வேற பாத்திரத்துக்கு மாத்தாதீங்க. காத்து பட்டா மணம் போயிடும்.

5. மூணு நாள் கழிச்சு மறுபடி அளங்க. இறங்கியிருந்தா நிக்கற வரைக்கும் காத்திருங்க. இந்த ஒரு வரிதான் அந்த நாலு தையல்.

6. ரெண்டு நாள் குளிர்ல வச்சு, தூள் அடியில படிஞ்சதும் பாட்டில்ல அடைங்க. சீக்கிரம் குடிங்க, மாசக்கணக்குல வச்சா மணம் மங்கிடும்.

7. வீட்டுல நாய் இருந்தா மிச்ச ஹாப்ஸை எட்டாத இடத்துல கொட்டுங்க. அதுக்கு விஷம்.

ரூம்மேட் பரீட்சையில பாஸாயிட்டான். அடுத்த தடவை காய்ச்சினப்போ ஹைட்ரோமீட்டரை அவன்தான் பிடிச்சான், என்னை நம்பலை. நியாயம்தானே? அந்தச் சீட்டு இன்னும் அப்படியே அச்சாகி வந்துட்டு இருக்கு. உங்க டப்பாவுலயும் அது இருந்தா, முதல் வேலையா கிழிச்சுப் போடுங்க.