மழைக்கு ஒரு வண்டி

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், சேத்தியாத்தோப்பு)

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நல்ல வண்டிகள் எல்லாம் திண்ணை ஏறிவிடும். தார்ப்பாய், சாக்கு, பழைய போர்வை என்று கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிடுவார்கள். மாட்டுக் கொட்டகை மூலையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய டி.வி.எஸ். மொபெட் வெளியே வரும். தை பிறக்கிற வரைக்கும் அதுதான் வீட்டு வாகனம். "மழைக்கு ஒரு வண்டி" என்பார்கள்.

இது ஏதோ நம்ம ஊர்க் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள் நண்பர்களே! பனி கொட்டும் நாடுகளில் பணக்காரர்களே இதைச் செய்கிறார்கள். அங்கே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர், குளிர்காலம் வந்ததும் அதை ஷெட்டில் பூட்டிவிட்டு, மலிவாக ஒரு பழைய காரை வாங்கி ஓட்டுகிறார். காரணம், உப்பு. சாலையில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த தண்ணீர் சுலபத்தில் உறையாது. ஆனால் அதே உப்புத் தண்ணீர் இரும்புக்கு எமன். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை என்று முதலாண்டு வேதியியலில் படித்தோமே, உப்பு அந்த வினையை முடுக்கிவிடுகிறது. நாலைந்து குளிர்காலம் போனால் காரின் அடித்தகடு பொரிந்து உதிரத் தொடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை. கார் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டுகிற உப்பு சாலைக்குத்தான் போகிறது. மேலே கார், கீழே அதைத் தின்னும் உப்பு! (சுரங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் நெய்வேலிக்காரர்களுக்கு இதெல்லாம் அதிசயமா என்ன?)

நமக்கு உப்பு இல்லை. சேறு இருக்கிறது. சம்பா நடவு சமயத்தில் டிராக்டர்கள் கேஜ் வீலோடு வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும். களிமண் கட்டிகட்டியாகத் தார் மேலே விழும். அதன்மேல் ஒரு தூறல் போட்டால் போதும், விளக்கெண்ணெய் பூசிய மாதிரி ஆகிவிடும். அந்தச் சேறு செயினிலும் மட்கார்டுக்கு உள்ளேயும் போய் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

என் அண்ணனிடம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. இந்தப் பெயரைச் சொன்னாலே நம் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். இன்று நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டி விலை போகிறது. அண்ணன் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. ஒரிஜினல் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதை மழையில் நனைய விடு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆகவே போன வருஷம் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய எக்ஸ்.எல். வாங்கினோம். மழைக்கு!

இங்கேதான் என் கருத்து ஆரம்பிக்கிறது.

ரெண்டாவது வண்டி வாங்குவது தப்பில்லை. அதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் கேள்வி. தீபாவளி விடுமுறையில் அந்த எக்ஸ்.எல்.லின் முன் சக்கரத்தைப் பஞ்சருக்காகக் கழற்றியவன் நான்தான். பிரேக் ஷூ தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின் டயர் மொட்டை. இதெல்லாம் என் கண்ணில் பட்டது. 'மழைக்குத்தானே, ரெண்டு மாசம்தானே' என்று பழையபடி மாட்டிவிட்டேன். அதே வாரம்தான் ஆர்.எக்ஸ்.ஸுக்கு அண்ணன் இரண்டு புது டயர் வாங்கி வந்தான். அதையும் நான்தான் மாட்டினேன். மாட்டி, துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடினோம்.

அப்புறம் ஒரு நாள் சாயந்திரம் நடவு முடிந்து அப்பா எக்ஸ்.எல்.லில் திரும்பி வந்துகொண்டிருந்தார். வெள்ளாற்றுக் கரைப் பக்கம் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. முன் பிரேக் பிடிக்கவே இல்லை. பின் பிரேக்கை இறுக்கினார். மொட்டை டயர் சேற்றில் வழுக்கி வண்டியோடு விழுந்தார். காரை எலும்பு முறிவு. ஆறு வாரம் வலது கையைத் தூக்க முடியவில்லை. கூலிக்குப் போகிறவருக்கு ஆறு வாரம் என்றால் என்ன என்று இதைப் படிக்கும் பல பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஜோடி பிரேக் ஷூ சில நூறு ரூபாய். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவன், அதுவும் மெக்கானிக்கல் படிக்கிறவன், பார்த்தும் விட்டேன். அப்பாவுக்குத் தெரியாது அது தேய்ந்திருந்தது. எனக்குத் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் ஷூ நனைந்து பிடிப்புக் குறையும். புது ஷூவுக்கே அந்தக் கதி என்றால் தேய்ந்ததற்கு? கியர் வண்டி என்றால் கியரைக் குறைத்து ஓரளவு வேகத்தைக் கட்டலாம். மொபெட்டில் பிரேக்தான் கதி. ஹெட்லைட்டோ மழையில் மின்மினி மாதிரி. ஆக, வருஷத்திலேயே ரோடு மோசமாக இருக்கிற மாதங்களில், வீட்டிலேயே மோசமான வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். ரோடு காய்ந்து, வெயில் அடித்து, எதை ஓட்டினாலும் ஓடும் என்கிற காலத்தில் நல்ல டயர், நல்ல பிரேக். இது எந்த ஊர் கணக்கு?

பனி நாட்டுக்காரன் இந்த இடத்தில் நம்மிடமிருந்து மாறுபடுகிறான். ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பிளேட் என்றே ஒன்று இருக்கிறது. வருஷத்தில் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை மட்டும் ஓட்டுவேன் என்று பதிந்துகொண்டால், அந்த மாதங்களுக்கு மட்டும் வரியும் இன்சூரன்சும் கட்டினால் போதும். நல்ல வண்டியை மூடி வைப்பதற்குச் சட்டமே வழி செய்கிறது. ஆனால் அவன் ஓட்டுகிற மட்டமான குளிர்காலக் கார் இருக்கிறதே, அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். பிரேக், டயர், துரு எல்லாம் பார்ப்பார்கள். பனிச் சாலைக்கு அதற்கென்று தனி டயரும் மாட்ட வேண்டும். விலைதான் மட்டம், பிரேக் மட்டமில்லை.

நம் நாட்டில் சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் தெருவில் ஓடும் மழை வண்டிகளில் எத்தனைக்கு ஆர்.சி. உயிரோடு இருக்கிறது? இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். அப்பா விழுந்தபோது எதிரே யாரும் வரவில்லை. வந்திருந்து அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், எங்கள் வீட்டையே விற்றாலும் காணாது.

இன்னொரு விஷயம். மூடி வைத்த வண்டி பத்திரம் என்பதும் அரை உண்மைதான். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டினால் உள்ளே ஈரம் அடைந்து வேர்க்கும், வெளியே நின்றதைவிடச் சீக்கிரம் துரு ஏறும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. (கரும்பு ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்தும் வருகிறது.) மூன்று மாதம் அப்படியே விட்டால் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும், கார்புரேட்டரில் பிசின் கட்டும். பொங்கலன்று உதைத்தால் எப்படி ஸ்டார்ட் ஆகும்? டேங்கைக் காலி செய்யுங்கள், அல்லது மழை விட்ட நாளில் எடுத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். நாங்கள் இப்போது வாரம் ஒரு தரம் அதைச் செய்கிறோம்.

"அப்படியானால் ரெண்டு வண்டிக்கும் செலவு செய்ய நான் என்ன மிராசுதாரா?" என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. ரெண்டுக்கும் முடியாவிட்டால் ஓடுகிற வண்டிக்குச் செய், நிற்கிற வண்டிக்கு என்ன அவசரம் என்றேன். முறைத்தான். மறுவாரம் வடலூர் போய் எக்ஸ்.எல்.லுக்கு டயர் வாங்கி வந்தான். பிரேக் ஷூ இரண்டு பக்கமும் நான் மாற்றினேன். கேபிளும் புதுசு. இன்சூரன்சும் போட்டாயிற்று. இதற்கெல்லாம் ஆன செலவு வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். தெருவில் சிரித்தார்கள்.

இந்த ஐப்பசியில் முதல் மழைக்கு ஆர்.எக்ஸ். சாவியை அப்பாவிடம் நீட்டினான் அண்ணன். "நீயே எடுத்துக்கிட்டுப் போப்பா, நல்ல பிரேக்கு" என்றான். அவர் வாங்கவில்லை. "அது நனைஞ்சிடும்டா" என்று சொல்லிவிட்டு எக்ஸ்.எல்.லைத்தான் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் ஒரு தடவை பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.