கதவுக்கு ஸலாம், கைப்பேசிக்குச் சாவியா?



பிறர் வீட்டு வாசலுக்குச் சென்றால் நாம் கதவுக்கு நேரே நிற்பதில்லை. ஒதுங்கி நின்று ஸலாம் சொல்கிறோம். மூன்று முறை சொல்லியும் பதில் வராவிட்டால் மனவருத்தமின்றித் திரும்பிவிடுகிறோம். அனுமதியின்றிப் பிறர் இல்லத்தில் நுழையக் கூடாது என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் நமக்கு இட்ட கட்டளை. அண்ணல் நபி (ஸல்) அவர்களுடைய வீட்டின் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையைக் கருதித்தான் ஏற்படுத்தப்பட்டது என்னும் கருத்தில் அவரைக் கண்டித்தார்கள் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

இத்தனை கண்ணியத்தோடு காக்கப்படும் அதே வீட்டில், தலையணைக்கு அருகில், குழந்தையின் கையில், சமையலறை மேடையில் ஒரு பொருள் கிடக்கிறது. அதுவும் அனுமதி கேட்கத்தான் செய்தது. "இருப்பிடம் அறியலாமா? தொடர்பு எண்களைப் படிக்கலாமா? ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நாம் படித்துப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் "அனுமதி" என்று விரலை வைத்தோம். மனிதனுக்கு மூன்று ஸலாம். இயந்திரத்துக்கு மட்டும் சாவிக்கொத்தையே கொடுத்துவிட்டோம்.

தொழுகை நேரத்தைக் கேட்டோம், இருப்பிடத்தைக் கொடுத்தோம்

இது வீண் அச்சம் என்போருக்கு ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறோம். 2020 நவம்பரில் மதர்போர்டு என்னும் அமெரிக்க இதழ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. உலகெங்கும் 9.8 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்த முஸ்லிம் ப்ரோ என்னும் தொழுகை நேரச் செயலி, தன் பயனர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோடு என்ற நிறுவனத்துக்கு அனுப்பி வந்ததை அது வெளிக்கொணர்ந்தது. எக்ஸ்-மோடு அத்தகைய தகவல்களை ஒப்பந்த நிறுவனங்களுக்கு விற்றது. அவற்றின் வழியே அமெரிக்க இராணுவம் வரை அந்தச் சங்கிலி நீண்டது. செய்தி வெளியானதும், எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொள்வதாகச் செயலியின் நிர்வாகம் அறிவித்தது. 2024 சனவரியில், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற நுண்ணிய இடங்கள் தொடர்பான தகவல்களை விற்கக் கூடாது என்று எக்ஸ்-மோடின் வாரிசு நிறுவனத்துக்கு அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தடை விதித்தது.

முஸ்லிம்கள் எந்த நேரத்தில் எந்த ஊரில் எந்தப் பள்ளிவாசலின் அருகில் இருந்தார்கள் என்பது கடைச்சரக்காகியிருக்கிறது. அதற்குத் தூண்டிலாக அமைந்தது எது? சூதாட்டச் செயலியோ ஆபாசத் தளமோ அல்ல. ஃபஜ்ருக்கு நம்மை எழுப்பிய செயலி.

இதில் வேதனைக்குரிய உண்மை ஒன்று உண்டு. தொழுகை நேரத்தைக் கணிக்க நம்மைப் பின்தொடர வேண்டிய தேவையே இல்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, அன்றைய தேதி ஆகிய மூன்றும் போதும். சூரியனின் நிலையைக் கொண்டு நேரத்தைக் கைப்பேசியே கணித்துக்கொள்ளும். காயல்பட்டினம் என்றோ காத்தான்குடி என்றோ ஊர்ப்பெயரை ஒருமுறை பதிந்துவிட்டால் ஆண்டு முழுவதும் அது செல்லும். நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நாட்காட்டி நம்மை உளவு பார்த்தா நேரம் சொல்கிறது?

"மறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?"

இப்பேச்சு தொடங்கிய உடனே எழும் கேள்வி இதுதான். "நாங்கள் தவறேதும் செய்யவில்லை; பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்கிறார்கள். இந்தச் சொல்லை ஒரு முஸ்லிம் சொல்லலாகாது என்பதே எங்கள் வாதம்.

முதலாவதாக, அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. ஆராயப்படுபவர் குற்றவாளியா, நல்லவரா என்று அது பிரிக்கவில்லை. அந்தரங்கம் குற்றவாளியின் ஒளிவிடமன்று. அது அடியானின் கண்ணியம். நம் வீட்டுக் கதவைச் சாத்துவது உள்ளே திருட்டுப் பொருள் இருப்பதாலா?

இரண்டாவதாக, நம் கைப்பேசியில் இருப்பவை நம்முடையவை மட்டுமல்ல. உறவுப் பெண்களின் எண்கள், நிக்காஹ் வீட்டில் எடுத்த படங்கள், அண்டை வீட்டார் அனுப்பிய மருத்துவ அறிக்கை, கடன் கேட்டு நண்பர் எழுதிய இரகசியம் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. இவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். மின்விளக்குச் செயலி ஒன்றுக்குத் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடும்போது, நம்முடையதல்லாத பொருளை நாம் கொடுத்துவிடுகிறோம். "எனக்கு ஆட்சேபணையில்லை" என்று நம் பொருட்டுச் சொல்லலாம். பிறர் பொருட்டு அதைச் சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது?

ஒட்டுப் போட்டவர்களின் உம்மத்

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறோம். எங்கள் வீட்டு மூத்தவர் ஒருவருடைய கைப்பேசி மூன்றாம் ஆண்டில் முதுகு உப்பிப் பிளந்தது. பேட்டரி வீங்கியிருந்தது, மற்றபடி பழுதேதுமில்லை. எடுத்துச் சென்ற சேவை மையத்தில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய மாடல், பாகம் கிடைக்காது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். மனம் கேளாமல் கடைத்தெருவில் ஓர் இளைஞரிடம் கொடுத்தோம். அவர் அதைச் சூடேற்றிப் பசையை இளக்கினார். பின்மூடியைப் பொறுமையாகப் பிரித்து வேறு பேட்டரியைப் பொருத்தினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கைப்பேசி இன்றும் உழைக்கிறது.

அன்று நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இது: லித்தியம் பேட்டரி சில நூறு முறை மின்னேற்றியபின் வலுவிழக்கும் என்பது அதைச் செய்தவருக்கு முன்பே தெரியும். தேயும் என்று தெரிந்த பாகத்தைப் பசையிட்டு ஒட்டி மூடுவது ஏன்? முன்பெல்லாம் நகத்தால் மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றினோமே! மெலிவுக்காகவும் நீர்புகாமைக்காகவும் என்று காரணம் சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், மூடியதால் விற்பனையும் பெருகுகிறது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்து போவதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமளித்தது. ஆயினும் பயனர்களிடம் அதைத் தெரிவிக்காத குற்றத்துக்காகப் பிரான்சு அரசு 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதிய கைப்பேசி வாங்கினார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

நாமோ, தம் காலணியைத் தாமே தைத்து, கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்ட தூதரின் உம்மத். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தியைப் பயான்களில் கேட்டு நெகிழ்கிறோம். பின்னர், கேமரா சற்றே மேம்பட்டது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசியை இழுப்பறையில் எறிகிறோம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று சாடும் வசனம் (17:27) வலீமா பந்தியில் மிஞ்சும் சோற்றுக்கு மட்டுந்தான் பொருந்துமா?

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. பேட்டரிக்குத் தேவையான கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ மண்ணிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் அதைத் தோண்டுவதை 2016இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் ஆவணப்படுத்தியது. தேவையின்றி நாம் மாற்றும் ஒவ்வொரு கைப்பேசியும் அந்தக் குழியை இன்னும் சற்று ஆழப்படுத்துகிறது.

இதோடு தவணை முறையும் சேர்ந்துகொள்கிறது. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனை மறுக்கும் குடும்பங்கள், "வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரத்தைக் கண்டதும் அட்டையை நீட்டுகின்றன. பூச்சிய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்றே இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013இலேயே தன் சுற்றறிக்கையில் கூறிவிட்டது. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள், ஆலிம்களிடம் கேளுங்கள்.

மாற்று இல்லையா?

இருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், மோதல் பகுதிக் கனிமங்களுக்கு எதிரான பரப்புரையாக 2010இல் தொடங்கி, 2013இல் நிறுவனமாக மலர்ந்தது ஃபேர்போன். அது 2023இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பின் பின்மூடியைக் கையாலேயே கழற்றலாம். திரை, பேட்டரி, மின்னேற்றும் துளை, கேமரா ஆகியவற்றை ஒரே திருப்புளியைக் கொண்டு வீட்டிலேயே மாற்றலாம். பழுதுநீக்கத்தை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து அளித்தது. 2031 வரை மென்பொருள் ஆதரவு தருவதாக நிறுவனம் உறுதி கூறியுள்ளது. கேல் டுவால் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய, கூகுளின் கண்காணிப்பு நீக்கப்பட்ட "இ" இயங்குதளத்துடனும் அது விற்பனைக்கு வந்தது.

குறைகளையும் மறைக்க மாட்டோம். ஏறத்தாழ 700 யூரோ விலையில் வெளிவந்த அதைவிட அதே விலைக்குச் சிறந்த கேமராவுள்ள கைப்பேசிகள் உண்டு. எல்லாவற்றினும் முக்கியமாக, இந்தியாவில் அது முறையாக விற்கப்படுவதில்லை. ஐரோப்பாவில் வாழும் நம் உறவுகளுக்கு அது எட்டும் கனி. தாயகத்தில் இருப்போருக்கு வேறு வழிகள் உள்ளன.

கூகுளின் பிக்சல் கைப்பேசியில் கிராஃபீன் இயங்குதளத்தை நிறுவலாம். கூகுள் செய்த கருவியிலேயே கூகுளைச் சாதாரணச் செயலியின் நிலைக்கு இறக்கிவிடும் தளம் அது. பிக்சல் 8 முதலான முதன்மை மாடல்களுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு உண்டு. நிறுவனம் கைவிட்ட பல பழைய கைப்பேசிகளுக்கு லீனியேஜ் இயங்குதளம் மறுவாழ்வு தருகிறது. ஆனால் சில வங்கிச் செயலிகள் இத்தளங்களில் இயங்க மறுக்கும். உங்கள் வங்கியின் நிலையை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதுவும் இயலாதோர் இன்றே செய்யக்கூடியவை சில:

1. ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்த அனுமதிகளை அமர்ந்து பாருங்கள். இருப்பிடம், ஒலிவாங்கி, தொடர்புகள் ஆகியவற்றைத் தேவையற்ற செயலிகளிடமிருந்து திரும்பப் பெறுங்கள்.
2. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்குங்கள்.
3. தொழுகை நேரச் செயலியில் ஊரை நீங்களே பதிந்து, இருப்பிட அனுமதியை மறுத்துவிடுங்கள்.
4. கைப்பேசி மெதுவானால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.
5. புதிது வாங்க நேர்ந்தால், கேமராவைப் பற்றிக் கேட்குமுன் இரண்டைக் கேளுங்கள்: "எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு? பேட்டரியும் திரையும் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்?"

ஒரு குடும்பம் மாறினால் என்ன ஆகும்?

"நாம் ஒருவர் மாறி உலகம் மாறிவிடுமா?" என்பது கடைசி ஆட்சேபணை. வாங்குவோர் கேட்டதால்தான் மாற்றம் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்தபின்னும் ஏழாண்டுகள் உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கியது. தளம் தகவல் தரும். நிறுவனங்களின் கையைக் கட்டாது. அதற்கு மக்களின் குரல் வேண்டும்.

அக்குரலில் நமக்குத் தனிப் பங்குண்டு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடைத்தெரு வரை, கைப்பேசி பழுதுநீக்கிப் பிழைக்கும் இளைஞர்களில் நம் பிள்ளைகள் பலர். பிரிக்க முடியாத கைப்பேசி பெருகப் பெருக அவர்களின் ஹலாலான சம்பாத்தியம் சுருங்குகிறது. அவர்களிடம் வேலை கொடுப்பது தர்மமன்று. அது நம் பணத்தையும் மிச்சப்படுத்தும் நல்ல வணிகம். கொடுக்குமுன் படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு அழித்துக் கொடுங்கள். அதுவும் அமானிதத்தைப் பேணுவதே.

மறுமை நாளில் செல்வத்தை எவ்வாறு ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்று கேட்கப்படுவோம் என நம்புகிறவர்கள் நாம். அந்தக் கேள்வி நம் சட்டைப்பைக்குள் கிடக்கும் பொருளுக்கும் உரியது. பிறர் கதவின் முன் காட்டும் ஒழுக்கத்தை நம் கதவைக் காப்பதிலும் காட்டுவோம். உடைந்ததை எறியுமுன் ஒருமுறை தைத்துப் பார்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அந்தரங்கங்களை மறைத்து, நம் பொருளில் பரக்கத்தை நல்கி, வீண்விரயத்திலிருந்து நம் சந்ததிகளைக் காப்பானாக! ஆமீன்.