எந்த மொழியில் வலிக்கிறது?

பர்கூர் என்றதும் அந்தியூர் மலையையும் செம்மறை மாட்டையும் நினைத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம்: நாம் பேசப்போவது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். மொத்த ஜவுளிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். வடக்கே சற்று நகர்ந்தால் ஆந்திரத்துக் குப்பம். மேற்கே ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். சுற்றுவட்டாரத்தில் பாட்டி உண்டு, அவ்வா உண்டு, அஜ்ஜி உண்டு, உருது பேசும் வீடுகளில் தாதி உண்டு. ஒரே கேழ்வரகு உருண்டை ஒரு வீட்டில் களி, அடுத்த வீட்டில் சங்கட்டி, அதற்கடுத்த வீட்டில் முத்தெ.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 ‘அன்புச்சோலை’ மையங்களை 10 கோடி ரூபாயில் அமைப்பதாக அறிவித்து, அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் தொடங்கியும் வைத்தது. முதியோர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மையங்கள். பிள்ளைகள் ஓசூர் ஆலைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில் பகல் எவ்வளவு நீளமானது என்பதை அறிந்தவர்கள் இத்திட்டத்தை வரவேற்கவே செய்வார்கள். நாமும் வரவேற்கிறோம். ஆனால் இதையொட்டி நாம் கேட்ட பேச்சுகள் எதிலும் மொழி என்ற சொல் வரவில்லை. எல்லைப்புற மாவட்டத்துக்கு இத்தகைய மையம் வருமாயின் முதற்கேள்வி அதுவாகத்தானே இருக்க வேண்டும்?

‘அவர்களுக்குத்தான் தமிழ் தெரியுமே’ என்பது உடனடியாக வரும் பதில். தெரியும், சந்தைக்குப் போதுமான தமிழ் தெரியும். துணிக்கு விலை பேசவும் பேருந்தில் ஊர்ப்பெயர் சொல்லவும் அது போதும். உடம்பைச் சொல்ல அது போதாது. நாம் குத்தல், கடுப்பு, குடைச்சல், எரிச்சல் என்று நோவைப் பிரித்துச் சொல்வதுபோல் தெலுங்குக் கிழவிக்கு நொப்பி வேறு, மண்ட்ட வேறு, போட்டு வேறு, தீப்பு வேறு. தமிழில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘வலி’ என்ற ஒரே சொல்தான் அவளிடம் இருக்கிறது. மாத்திரையும் அதற்கேற்ப ஒன்றே கிடைக்கிறது.

மறதிநோய் கண்டவர்கள் நிலை இன்னும் மோசம். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பதும் இருமொழியாளர் பலரிடம் காணப்படுவது. நினைவாற்றலைச் சோதிக்கும் வினாத்தாளோ ஆண்டென்ன, தேதியென்ன, இச்சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டு என்று கேட்கும். பள்ளியே போகாத, உகாதியையும் அறுவடையையும் வைத்துக் காலத்தை அளந்த ஒருத்தி இதில் தோற்றால் பழுது அவள் நினைவிலா, வினாத்தாளிலா? அரியானாவின் பல்லப்கரில் 1990களிலேயே எழுத்தறியாத கிராமத்து முதியோருக்கென இந்தியில் தனியாக ஒரு நினைவுச் சோதனை உருவாக்கினார்கள். ஆய்வுலகம் இதை உணர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ‘கோபல்ல கிராமம்’ வெளிவந்த 1976இலிருந்து மங்கத்தாயாரு என்ற தெலுங்குப் பூட்டியின் நினைவாற்றலை வியந்து வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பூட்டியை நம் ஊர் மையமொன்றில் உட்காரவைத்து இன்றைய தேதி கேட்டால் அவளுக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும்? கதைக்குள் இருக்கும் தெலுங்குக் கிழவியைக் கொண்டாடிவிட்டு, கதைக்கு வெளியே இருப்பவளிடம் ‘தமிழில் சொல்லு’ என்பது நாணயமான ரசனையன்று.

தமிழே இன்று நெருக்கடியில் இருக்கும்போது பிறமொழிக்கு வக்காலத்தா என்று சினப்பாரும் உளர். கடல் கடந்து ஓர் எட்டு பார்க்கட்டும். 2021இல் கனடிய ஒன்றிய அரசும் ஒன்டாரியோ மாகாண அரசும் ஸ்கார்பரோவில் தமிழ்ச் சமூக மையத்துக்கு 2.6 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியபோது நாம் பூரித்தோம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மன்றம் 1972இல் உகாண்டா நாளிதழிலேயே ‘எங்கள் ஊருக்கு வராதீர்கள்’ என்று ஆசியர்களுக்கு விளம்பரம் கொடுத்தது. அதே நகரில் பின்னாளில் குஜராத்தி முதியோர் தம் மொழி பேசி, தம் உணவு உண்ணும் பகல்நேர மையங்கள் வந்தன. டொராண்டோவில் நமக்கு நியாயமாவது பர்கூரில் அவர்களுக்குச் சலுகையாகிவிடுமா?

மொழிக்கொரு கட்டடம் கேட்கவில்லை. கட்டடமே பெரிய காரியமன்று. முதியோர் ஓய்வூதியம் பெறுவோரை 1983இலேயே சத்துணவுத் திட்டத்தில் சேர்த்த மாநிலம் இது. உலை வைக்கும் இடம் ஊர்தோறும் இருக்கிறது. பகல்நேர மையம் அதன் பக்கத்தில் அமையட்டும். நகரத்தில் மாடிமேல் திறந்து கேரம் பலகையும் தொலைக்காட்சியும் வைத்தால் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள்தாம் வருவார்கள்; ஆடு மேய்த்துக்கொண்டு பேரனையும் பார்த்துக்கொள்ளும் அவ்வா வரமாட்டாள். பேரனையும் கூட்டிவர இடமிருந்தால் வருவாள்.

ஆளெடுப்பில்தான் சூட்சுமம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள்; ஆகவே யாரும் திட்டமிடாமலேயே மருத்துவம் வீட்டுமொழி பேசிற்று. திட்டமிட்டுச் செய்தால் இன்னும் கூடும். மையப் பணியாளர் தேர்வு அறிவிக்கையில் ‘தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரிக்குக் கீழே ‘அவ்வூர் முதியோர் பேசும் மொழியைப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று இன்னொரு வரி வேண்டும். நாம் கேட்பது அந்த ஒரு வரி. குறை தீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் எந்த அலுவலரிடமும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. எழுதத் தெரியாத கிழவிக்கு அதனால் பயனில்லை. வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழுமாக வளர்ந்த பிள்ளைகள் இப்பகுதிக் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதட்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு நாமும் கூடப் போவோம்.