கோட்டைக் கல்லும் குடிகளின் சுவரும்

ஜெர்மனியில் நெக்கர் நதிக்கரை மலைச்சரிவில் இடிந்து நிற்கிறது ஹைடல்பெர்க் கோட்டை. இடைக்காலத்தில் எழுந்து, பாலட்டினேட் சிற்றரசர்கள் தலைமுறை தலைமுறையாய் வளர்த்த கோட்டை அது. 1689லும் 1693லும் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை அதைத் தகர்த்தது. 1720இல் அரசவை மான்ஹைமுக்குப் போயிற்று. 1764இல் இடி விழுந்து எரிந்தது. பாழடைந்த கோட்டையின் கற்களைப் பெயர்த்து ஊர்மக்கள் வீடு கட்டிக்கொண்டனர்.

கோட்டையை அழித்தவர்கள் வரிசையில், படைக்கும் இடிக்கும் பக்கத்தில் இம்மக்களையும் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. 1693இல் எரிந்தது கோட்டை மட்டுமா? அவர்கள் ஊரும்தானே! அரசன் கைவிட்ட கல்லைக் குடிகள் கையில் எடுத்தார்கள்.

1810இல் அங்கு வந்த கிரைம்பெர்க் பிரபு என்ற பிரெஞ்சுக்காரரே கல் பெயர்ப்பதைத் தடுக்கப் பாடுபட்டார். அதையும் வரவேற்கிறேன். அரண்மனையாய் இருந்தவரை அது ஒரு குடும்பத்தின் சொத்து. வரலாறான பிறகே அனைவருக்கும் சொத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சரித்திரத்தில் அரசன் பெயருக்கு முன் கல் சுமந்தவனைத்தான் என் கண் தேடுகிறது. நண்பர்களே, இடிபாடுகளைக் காணும்போது, இல்லாத கற்கள் எங்கே போயின என்றும் கேளுங்கள். யாரோ ஒரு குடும்பத்துக்கு அவை சுவராகியிருக்கலாம்.