வலப்பக்கப் பேரையும் வாசியுங்கோ

"அது வெறும் கொப்பிதானே." பழைய ஓவியங்களைப் பார்த்துச் செப்புத்தகட்டில் செதுக்கின அச்சுப்படங்களைப் பற்றிக் கதை வந்தால், கலை தெரிஞ்ச ஆக்களும் இப்பிடித்தான் சொல்லினம். எனக்கு இதில துளியும் உடன்பாடில்லை.

ஓவியருக்கு நிறம் இருக்கு. செதுக்குநருக்குக் கோடு மட்டும்தான். பட்டுத்துணியின் மினுக்கம், தோலின் மென்மை, இருட்டு, வெளிச்சம் எல்லாத்தையும் கோட்டின் தடிப்பாலயும் நெருக்கத்தாலயும் வளைவாலயும் சொல்லவேணும். தகட்டில் செதுக்கினது தாளில் இடம்வலம் மாறி விழும். அதையும் முதலே யோசிக்கவேணும். இதுக்குப் பேர் கொப்பியோ? இது மொழிபெயர்ப்பு.

ஒரு உதாரணம். 'பாரிஸின் தீர்ப்பு' எண்டு ரஃபேல் போட்ட வரைபு இண்டைக்கு இல்லை. இத்தாலியச் செதுக்குநர் மார்க்கன்டோனியோ ரைமொண்டி, ஏறத்தாழ 500 வருசத்துக்கு முந்தி அதை வைச்சுச் செய்த அச்சுத்தான் மிஞ்சியிருக்கு. அதின் வலது கீழ் மூலையில இருக்கிற மூண்டு உருவங்களின் இருப்பை எடுத்துத்தான், மனே 1863இல் பாரிஸையே அதிரவைச்ச 'புல்வெளியில் மதிய உணவு' ஓவியத்தை அமைச்சார். ரஃபேலையும் தெரியும், மனேயையும் தெரியும். நடுவில நிண்டவரை எத்தினை பேருக்குத் தெரியும்?

இந்த மறதி தானா வந்ததில்லை. 1768இல் லண்டனில் றோயல் அக்கடமி தொடங்கினபோது செதுக்குநர்களுக்கு முழு உறுப்பினராக இடமில்லை. அந்தக் கதவு 1850களிலதான் திறந்தது. அக்கடமியின் முதல் தலைவர் ரெனோல்ட்ஸ் தீட்டின உருவப்படங்கள் வீடு வீடாய்ப் போனது எதால? அச்சுப்படங்களால. உழைப்பு வேணும், உழைச்சவர் பக்கத்துக் கதிரையில இருக்கக்கூடாது!

"கற்பனை ஓவியருடையதுதானே" எண்டு கேப்பியள். ஓம், அமைப்பு அவருடையதுதான். எல்லா அச்சும் உன்னதம் எண்டும் நான் சொல்லேல்லை; காசுக்கு அவசரமாய்ச் செய்த மோசமான வேலைகளும் கனக்க இருக்கு. ஆனால் மோசமான ஓவியங்களும் இருக்குத்தானே? அதுக்காக ஓவியத்தையே ஆரும் தள்ளிவைக்கிறேல்லையே.

அடுத்தமுறை இப்பிடி ஒரு பழைய அச்சுப்படத்தைக் கண்டால் கீழ் ஓரத்தைப் பாருங்கோ. வழக்கமாய் இடப்பக்கம் ஒரு பேர், பக்கத்தில 'பின்க்ஸிட்': தீட்டினார். வலப்பக்கம் இன்னொரு பேர், 'ஸ்குல்ப்ஸிட்': செதுக்கினார். அந்தக் காலத்து ஆக்கள் ரெண்டு பேரையும்தான் போட்டவை. ஒண்டை மட்டும் வாசிச்சுப்போட்டுப் போறது நாங்கள்.