குரும்பலூர்: ஒலியொப்புமையும் ஊர்ப்பெயர் ஆய்வும்

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள குரும்பலூரின் பெயரைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றும் விளக்கம், அது குறும்பர் வாழ்ந்த ஊர் என்பதாகும். இவ்விளக்கத்திற்குத் துணையாக நிறுத்தத்தக்க ஒலியொப்புமைகள் கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் கூடக் கிடைக்கின்றன. ஒப்புமைகள் மிகுதியாகக் கிடைப்பதே ஒரு சொற்பிறப்பு விளக்கத்திற்கு வலிமை ஆகிவிடாது. ஒத்தொலிக்கும் சொற்களைப் பிரித்தறிந்த பின்னரே அவற்றுள் ஒன்றை ஊர்ப்பெயரோடு பொருத்துதல் தகும்.

முதலாவது, இடையின ரகரம் பெற்ற குரும்பை. தமிழில் இது தென்னை, பனை ஆகியவற்றின் இளம்பிஞ்சைக் குறிக்கும். ஈழத்துப் பேச்சு வழக்கில் அது குரும்பட்டி எனவும் வழங்கும். ரகர றகர வேறுபாட்டை இன்றும் ஒலிப்பில் காத்துவரும் மலையாளத்திலும் இச்சொல் இடையின ரகரத்துடன் வழங்குகிறது. சிங்களத்தில் ‘குரும்பா’ என்பது பருகுதற்குரிய இளநீர்த் தேங்காய். மாலத்தீவின் திவேகி மொழியிலும் பொருள் அதுவே. அந்நாட்டில் 1972இல் தொடங்கப்பெற்ற முதல் சுற்றுலா விடுதி இச்சொல்லையே பெயராகக் கொண்டது. தமிழில் பிஞ்சைக் குறித்த சொல், கடல் கடந்த மொழிகளில் நீர் நிரம்பிய காய்ப் பருவத்தைக் குறிக்கிறது.

இரண்டாவது, வல்லின றகரம் பெற்ற குறும்பு. குறுமை என்னும் அடியோடு தொடர்புடைய இச்சொல், பழந்தமிழில் சிற்றரணையும் அதனைக் கொண்டு பேரரசரை எதிர்த்து நின்ற குறுநிலத் தலைவர்களையும் குறித்தது. திருக்குறளின் ‘நாடு’ அதிகாரம் (735) இதனை நாட்டிற்கு ஆகாதவற்றுள் ஒன்றாக வைக்கிறது. வேந்தனை அலைக்கழித்த செயலைச் சுட்டிய சொல், இன்று குழந்தையின் விளையாட்டுத்தனத்தைச் சுட்டுமளவிற்கு மென்மை அடைந்துள்ளது.

மூன்றாவது, ஆட்டோடு தொடர்புடைய சொற்றொகுதி. ஆட்டைக் குறிக்கக் கன்னடத்திலும் துளுவிலும் ‘குரி’, தெலுங்கில் ‘கொர்ரெ’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. தமிழ் அகராதிகள் ‘கொறி’ என்னும் வடிவத்தைத் தருகின்றன. கன்னடம் தன் பழைய றகரத்தைப் பிற்காலத்தில் ரகரத்தோடு ஒன்றாக்கிவிட்டது. பழங்கன்னடத்தில் இச்சொல் றகரம் பெற்றே வழங்கியது. கன்னடத்தில் ஆடு மேய்ப்போர் குருபர், தெலங்கானாவில் குருமர். தமிழில் கம்பளி மயிர் அடர்ந்த ஆடு குறும்பாடு எனப்படும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களைத் தாயகமாகக் கொண்ட ‘திருச்சிக் கறுப்பு’ ஆட்டினத்திற்குக் ‘கருங்குறும்பை’ என்னும் மறுபெயர் உண்டு. குரும்பலூரைக் குறும்பரோடு இணைக்க விழைவோர்க்கு இதனினும் அருகிலுள்ள துணைச்சான்று கிடைத்தல் அரிது. எனினும், ஒரு வட்டாரத்தில் ஓர் ஆட்டினம் வாழ்வது அவ்வட்டாரத்து ஊர்ப்பெயர் ஒன்றிற்குப் பிறப்புச் சான்று ஆகாது.

நீலகிரிக் குறும்பரை நோக்குங்கால் சிக்கல் மேலும் விரிகிறது. அவர்கள் காட்டுவளத்தைச் சார்ந்து வாழ்ந்த மக்கள். ஆலு குறும்பர், பெட்ட குறும்பர் முதலிய பிரிவினர் தத்தமக்கெனத் தனித்த பேச்சு வழக்குகளை உடையவர்கள். சமவெளியின் ஆட்டிடையரும் மலையின் காட்டுவாழ்நரும் ஒரே பெயரால் சுட்டப்படுவது, அவர்கள் ஒரே மக்கள் என்பதற்குச் சான்று ஆகாது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்துக் குறும்பர் பட்டியல் பழங்குடியினர். குறும்பக் கவுண்டர் மிகப் பிற்படுத்தப்பட்டோர். ‘குருமன்ஸ்’ என்பது பழங்குடியினர் பட்டியலில் வேறொரு பதிவு. ஆங்கில எழுத்தில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிடும் அரசு ஆவணச் சூழலில், ஓரெழுத்தின் மயக்கம் மக்களின் உரிமை வரை சென்று தொடும். ஆகவே, ஊர்ப்பெயர் ஒன்றிற்கு ஆய்வாளர் பொறுப்பின்றி எழுதும் ஒரு வரி, நாளை ஒரு சமூகத்தின் தொன்மைக்குச் சான்றாக எடுத்தாளப்படலாம். பிறிதொரு சமூகத்தின் உரிமையை மறுக்கவும் பயன்படலாம்.

தற்செயல் ஒப்புமைக்கும் இங்கே எடுத்துக்காட்டு உண்டு. துருக்கி மொழியில் வறுத்தலைச் சுட்டும் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது ‘குருமா’ என்னும் உணவுப்பெயர். ஒலியளவில் தெலங்கானாவின் ஆட்டிடையர் பெயரை இது அப்படியே ஒத்திருக்கிறது. இவ்விரண்டையும் எவரும் இணைப்பதில்லை. வரலாறு அறியப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். வரலாறு அறியப்படாத இடத்தில் மட்டும் ஒலியொப்புமை சான்றாக ஏற்றுக்கொள்ளப்படுவது முறையன்று.

இனி ஊர்ப்பெயரின் வடிவத்தை நோக்கலாம். குரும்பை என்பதோடு ஊர் சேரின் குரும்பையூர் அல்லது குரும்பூர் என வருதல் இயல்பு. தூத்துக்குடி மாவட்டத்தில் குரும்பூர் என ஓர் ஊர் உள்ளது. குறும்பரோடு ஊர் சேரின் குறும்பரூர் என வரவேண்டும். குரும்பலூரில் உள்ள லகரத்திற்கு இவ்விரு விளக்கங்களும் விடை கூறவில்லை. பந்தர் பந்தல் எனவும் சாம்பர் சாம்பல் எனவும் வரும் போலியை இதற்குத் துணையாகக் காட்டலாம். ஆயின் அவை அஃறிணைப் பெயர்கள். உயர்திணைப் பலர்பால் விகுதியாகிய ‘அர்’ அவ்வாறு திரிந்த ஊர்ப்பெயர்கள் காட்டப்பட்டாலன்றி அவ்வாதம் நிலைபெறாது.

அண்மையிலுள்ள மாவட்டத் தலைநகரின் பெயர் இங்கே கருதத்தக்கது. பெரம்பலூர், குரும்பலூர் ஆகிய இரண்டும் ‘அம்பலூர்’, ‘உம்பலூர்’ என ஒத்த இறுதியுடையன. முதற்கூறுகளோ பெருமை, குறுமை என்னும் எதிர்நிலை அடைகளாகக் கொள்ளத்தக்கவை. பெரும்புலியூர் என்பதே பெரம்பலூர் ஆயிற்று என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. அதனை ஏற்பவர், குறும்புலியூர் என்னும் வடிவத்தையும் கருத்தில் கொள்ள வேண்டியவராவர். அன்றிப் பலா மரத்தை அடியாகக் கொண்டால், பெரும்பலா, குறும்பலா என்னும் இணை கிடைக்கும். லகரத்திற்கும் விடை கிடைக்கும். குறும்பலா என்பது கற்பனை வடிவமன்று. குற்றாலத்துத் தலமரம் அதுவே. திருஞானசம்பந்தர் தம் தேவாரத்தில் திருக்குறும்பலாவைத் தனிப்பதிகத்தால் பாடியுள்ளார். ‘பெரும்’ என்பது ‘பெரம்’ எனத் திரிந்திருக்க, ‘குறும்’ அவ்வாறு திரியாமை இவ்விணை விளக்கத்திற்கு எதிராக எழுப்பத்தக்க தடை. அத்தடையை உள்ளிட்டே இதனை ஒரு கருதுகோளாக முன்வைக்க இயலும்.

ஊர்ப்பெயர் ஆய்வில் பின்பற்றத்தக்க வரிசை இதிலிருந்து புலனாகும். கல்வெட்டிலும் பழைய ஆவணங்களிலும் பயிலும் எழுத்து வடிவம் முதலில் நிற்க வேண்டும். அடுத்து, பெயரின் ஒவ்வொரு கூறுக்கும் புணர்ச்சி விதியால் விடை காணப்பட வேண்டும். பின்னர், அண்டை ஊர்ப்பெயர்களோடு அது பொருந்தி நிற்கிறதா என ஆராய வேண்டும். பிறமொழி ஒப்பீடு இவற்றின் பின்னரே இடம்பெறத்தக்கது. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் இத்துறைக்கு வழி திறந்தது. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் ஒப்பீட்டிற்கு அடித்தளம் இட்டது. இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும் வாய்ப்பு இன்றைய ஆய்வாளர்க்கு உண்டு. அகராதியைப் புரட்டி ஒத்தொலிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எளிது. அச்சொல் அவ்வூருக்கு உரியதன்று என விலக்கத் துணிவதே ஆய்வு.