பலகையைப் பார், பதிவேட்டையும் பார்!



மேடை கண்டு வளர்ந்தவர்கள் நாம். பேச்சின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாயிலே கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகித் தன் திக்கலை வென்றான் கிரேக்கத்து டெமாஸ்தனிஸ் என்ற கதையைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். ஆனால், மூன்று வயதாகியும் ‘அம்மா’ என்றழைக்காத குழந்தை ஒரு தொழிலாளியின் வீட்டிலே இருக்கிறதே, அதன் வாயிலே கூழாங்கல்லா போட முடியும்? நேற்றுவரை ஆலை வாயிலிலே முழக்கமிட்டவர், பக்கவாதம் தாக்கி, இன்று தண்ணீர் கேட்க வாய் வராமல் கண்ணீர் விடுகிறாரே, அவருக்கா கதை சொல்வது?

1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து மருத்துவமனையிலே ஒரு நோயாளி. எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒலி ஒன்றுதான் பதில். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தார் பால் புரோக்கா என்ற மருத்துவர். இடப்புறத்து முன்பகுதியிலே சிதைவு! நாவிலே குறையில்லை, நாவை ஆட்டிவைக்கும் மூளையிலே புண். இதை உலகம் அறிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நாமோ இன்னும் நாக்கிலே வசம்பைத் தேய்க்கிறோம். கழுத்திலே மந்திரித்த கயிறு கட்டுகிறோம்.

கயிற்றை விட்டொழித்துப் படித்தவரைத் தேடிப் போகிறான் தொழிலாளி. போன இடத்திலே? ‘பேச்சுப் பயிற்சி நிலையம்’ என்று பளபளக்கும் பலகை. உள்ளே கோட்டு அணிந்த ஒருவர். சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்கள். ‘முப்பதே நாளில் பேச வைக்கிறேன்’ என்ற உறுதிமொழி வேறு! அந்தச் சான்றிதழ் நான்காண்டுப் படிப்புக்கு உரியதா, நாலு நாள் வகுப்புக்கு உரியதா? கேட்கக் கூச்சம். நம்மவர்க்குப் படித்தவர்முன் எப்போதும் இந்தக் கூச்சம் உண்டு. முதலில் அதை விட்டுத் தொலையுங்கள்!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992. பேச்சுச் சிகிச்சை செய்வோர், அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, டெல்லியிலுள்ள அந்த மன்றத்தின் மத்தியப் பதிவேட்டிலே பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதியாதவர் இந்தியாவின் எந்த மூலையிலும் தொழில் நடத்தக் கூடாது. சான்றும் எழுதித் தரக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 13-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

ஆகவே, கேட்க வேண்டியது ஒரே ஒரு எண். ‘ஐயா, தங்கள் சி.ஆர்.ஆர். எண் என்ன?’ உண்மையான நிபுணர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள். எண் கிடைத்தால், மன்றத்தின் இணையதளத்திலே அது அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் ஆங்கிலத்திலே இருக்கும். மலைக்க வேண்டாம், படிப்பகத்திலே கைப்பேசியும் கையுமாக இருக்கும் தம்பியைக் கூப்பிட்டால் ஐந்து நிமிட வேலை.

இங்கே ஒரு சூட்சுமம். அதே மன்றத்திலே சிறப்புக் கல்வி ஆசிரியரும் பதிகிறார், காதுக் கருவித் தொழில்நுட்பரும் பதிகிறார். அவர்கள் பணி உயர்ந்தது; ஆனால் வேறு பணி. எண் இருந்தால் மட்டும் போதாது, எந்தப் படிப்புக்காகப் பதிவு என்பதையும் பார்க்க வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி. என்றால் செவியியல், பேச்சு இரண்டும் சேர்ந்த பட்டம். மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. அதற்கு மேலே முதுகலை. ஓராண்டு டிப்ளமாவும் உண்டு. அதைப் பெற்றவர் உதவியாளராக இருக்கலாம், தலைமை ஏற்க முடியாது. பதிவுச் சான்றிலே காலக்கெடு இருக்கும், அது முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். சங்கத்து உறுப்பினர் அட்டையைக் காட்டினால், ‘மகிழ்ச்சி, பதிவு எண் எங்கே?’ என்று கேளுங்கள்.

இன்னொரு உரைகல்லும் உண்டு. பேசாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்காமலே ‘ஆ, ஈ’ சொல்லிக் கொடுக்கத் தொடங்குபவரிடம் ஒரு நாளும் நிற்காதீர்கள். கேளாத செவிக்கு ஆறு மாதம் பாடம் நடத்தினால் போவது பணம் மட்டுமா? மொழி வேர்விடும் வயதல்லவா போகிறது! பக்கவாத நோயாளிக்கோ உயிர் ஆபத்தே உண்டு. விழுங்கும் திறனைச் சோதிப்பதும் இந்த நிபுணரின் வேலை. தெரியாதவர் ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும்.

‘இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் திக்கலைத் தீர்த்த லயனல் லோக் எந்தப் பட்டம் வைத்திருந்தார்?’ என்று மடக்குவார் சிலர். நல்ல கேள்விதான்! 1926-இலே அவர் அந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது இத்துறைக்கு ஒழுங்கான பட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. அந்த லோக்கே 1935-இலே பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கென ஒரு சங்கம் தோன்ற முன்னின்றார். தொழிலுக்கு வரம்பு வேண்டுமென்று பட்டமில்லாத மேதையே பாடுபட்டிருக்கிறார். பலகைக்காரருக்கு மட்டும் அது கசக்கிறதோ?

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனையிலே தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். 2013-இலே வந்த சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, கட்டணமில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலே பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. மைசூரிலே 1965-இலே தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம். கூட்டமும் காத்திருப்பும் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பவர் யாரென்று தெரியும்.

சட்டத்தைப் புகழ்ந்தேன், அதன் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். மன்றம் அதிகாரமளித்தவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் வழக்கு நீதிமன்றம் ஏறும். ஏமாந்த தொழிலாளி தானே படியேற முடியாது. டெல்லிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். அபராதமோ ஆயிரம் ரூபாய்! ஒரு நாள் வசூலிலே எடுத்து வைத்துவிட மாட்டாரா போலி? 1992-ஆம் ஆண்டுத் தொகையை வைத்துக்கொண்டு இன்றைய கொள்ளையை அடக்கப் போகிறார்களாம்! அபராதம் உயர வேண்டும், புகார் பெற மாவட்டந்தோறும் ஓர் அதிகாரி வேண்டும், ஒவ்வொரு நிலையத்தின் பலகையிலும் பெயருக்குக் கீழே பதிவு எண்ணைப் பெரிய எழுத்திலே எழுத ஆணை வேண்டும். மூன்றாவதற்குச் சர்க்காருக்குச் செலவு ஏதுமில்லை. பெயிண்டுக் காசு நிலையக்காரருடையது.